காப்பர் போர் நிரப்பியாச்சு, டிஆர்சி சுத்தம். இன்னும் என்ன குறை?

ஈயப்புகை | 3 மார்ச், இரவு 10.12

ரெண்டு லேயர் போர்டு, 80×60 மி.மீ. போர்டு வரையற கீகேட் மென்பொருள்ல மேலயும் கீழயும் கிரவுண்டுக்கு (கரன்ட் திரும்பற பொது இணைப்பு) ஜோன், அதாவது செம்பு ஊத்தி நிரப்பற பரப்பு (காப்பர் போர்), வரைஞ்சு ‘பி’ அழுத்தி நிரப்பியாச்சு. கிரவுண்டுக்குன்னு ஒரு ட்ரேஸ்கூட (செம்புக் கோடு) இழுக்கல. டிஆர்சி (வடிவமைப்பு விதிச் சோதனை) பிழை பூஜ்யம், இணையாத நெட் (ஒண்ணா இணைய வேண்டிய புள்ளிகள்) பூஜ்யம். ஆனா படத்தைப் பார்த்த ஒருத்தர் “கிரவுண்ட் நடுவுல கிழிஞ்சு கிடக்கு”ன்னுட்டார். கிழிஞ்சிருந்தா டிஆர்சி கத்தியிருக்காதா? எல்லா கிரவுண்ட் பேடும் (பாகத்தோட கால் ஒட்டற செம்பு) ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கு, அது போதும்ங்கறது என் கட்சி.

ஜோன் அமைப்பு எல்லாம் டிஃபால்ட்ல வந்ததுதான்: கிளியரன்ஸ் (மத்த நெட்லேர்ந்து விலகல்) 0.5, குறைந்தபட்ச அகலம் 0.25, தெர்மல் ரிலீஃப் (சால்டர் சூடு போருக்குள்ள ஓடாம பேடைச் சுத்தி விடற) இடைவெளி 0.5, அதைத் தாண்டிப் பேடைப் பிடிக்கற ஸ்போக் பட்டை 0.5, எல்லாம் மி.மீ. தீவுகளை (எதோடயும் சேராத செம்புத் துண்டு) எப்பவும் நீக்கு. போர்டு நடுவுல 60 மி.மீ. பக்கத்துக்கு இணையா ஒற்றை வரிசை 20 பின் ஹெடர் (கேபிள் மாட்டற பின் வரிசை), 2.54 பிட்ச் (பின்னுக்குப் பின் தூரம்). கன்ட்ரோலர் இடப்பக்கம், ஃபிளாஷ் மெமரி வலப்பக்கம். ரெண்டையும் இணைக்கற எஸ்பிஐ சிக்னல் கோடுகள் மேல் லேயர்ல அந்த ஹெடர் பின்களுக்கு நடுவால போகுது. ஹெடர்ல 20-ஆவது பின் மட்டும் கிரவுண்ட்.

அடுக்கு4 | 3 மார்ச், இரவு 10.55

கிழிந்துதான் கிடக்கிறது. படம் பார்க்காமலே சொல்லலாம்.

கீகேட் நூலகத்தில் 2.54 ஹெடரின் பேட் 1.7 மி.மீ. இரண்டு பேடுக்கு நடுவே மிச்சம் 2.54 − 1.7 = 0.84. உங்கள் ஜோன் ஒவ்வொரு பேடிலிருந்தும் 0.5 விலகி நிற்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 1.0. ஆக 0.84-க்குள் செம்பு நுழைய வழியே இல்லை. குறைந்தபட்ச அகலம் 0.25-ஐயும் கூட்டினால் 1.25 மி.மீ. இடம் வேண்டும்.

20 பின்னும் சேர்ந்து ஒரே வெட்டு: 19 × 2.54 + 2.7 = 51 மி.மீ. பின்கள் போர்டைத் துளைத்துப் போவதால் மேல், கீழ் இரண்டு லேயரிலும் அதே இடத்தில் அதே வெட்டு. 60 மி.மீ. அகலப் போர்டில் கிரவுண்ட் தாண்டுவதற்கு இரண்டு ஓரத்திலும் சந்து மட்டும்தான்.

டிஆர்சி கேட்பது இரண்டே கேள்வி. எல்லாம் சேர்ந்திருக்கிறதா, எல்லாம் விலகியிருக்கிறதா. எந்த வழியாகச் சேர்ந்திருக்கிறது என்று அது கேட்காது.

ஈயப்புகை | 3 மார்ச், இரவு 11.08

சந்து வழியா சுத்திப் போனா என்ன? டிசி ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு கூடிடப் போகுது?

அடுக்கு4 | 3 மார்ச், இரவு 11.31

டிசி-க்கு ஒன்றும் ஆகாது. எஸ்பிஐ-க்கு ஆகும். சில நூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் திரும்பும் கரன்ட் ரெசிஸ்டன்ஸ் குறைந்த வழியைப் பார்ப்பதில்லை, இன்டக்டன்ஸ் குறைந்த வழியைப் பார்க்கிறது. அது ட்ரேஸுக்கு நேர் கீழே. அங்கே செம்பு இல்லையென்றால் வெட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முனைவரை போய்த் திரும்பி வரும். வெட்டின் நட்டநடுவில் ட்ரேஸ் கடந்தால் போக 25, வர 25. அந்த வளையம் முழுக்க கதிர்வீச்சு, பக்கத்துக் கோடுகளில் குறுக்குப் பேச்சு (சிக்னல் கசிவு).

கிளாக் 1 மெகாஹெர்ட்ஸ்தானே என்று சமாதானம் சொல்ல வேண்டாம். கணக்கு கிளாக்கில் இல்லை, விளிம்பில், அதாவது சிக்னல் ஏறி இறங்கும் வேகத்தில். 1 நானோசெகண்டில் ஏறும் விளிம்புக்கு 0.35 ÷ 1 நானோசெகண்ட் = 350 மெகாஹெர்ட்ஸ் வரை சரக்கு இருக்கும். கிளாக்கைக் குறைத்தாலும் விளிம்பு அதேதான்.

செய்ய வேண்டியது: ஜோன் விளிம்பைத் தேர்ந்து ‘ஈ’ அழுத்துங்கள், கிளியரன்ஸ் 0.2 என்று மாற்றுங்கள், பிறகு ‘பி’. இப்போது 0.84 − 0.4 = 0.44. குறைந்தபட்ச அகலம் 0.25-ஐவிட அதிகம், ஒவ்வொரு பின்னுக்கு நடுவிலும் செம்பு பாயும். மேல் லேயரில் எஸ்பிஐ போகும் இடைவெளிகளை ட்ரேஸ் பிடித்துக்கொள்ளும், அங்கே போர் வராது. அதனால் கீழ் லேயரில் அந்த இடைவெளிகளில் எதையும் ஓட்டாதீர்கள்.

ரிப்அப் | 4 மார்ச், காலை 7.20

தலைப்பில் “போர்” என்று பார்த்ததும் செம்புக்காக யாரோ படையெடுத்து வருகிறார்கள் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் நிஜமாகவே எல்லை இடைவெளித் தகராறு.

அடுக்கு4, 51 தவறு. 20-ஆவது பின் கிரவுண்ட் என்று கேள்வியிலேயே இருக்கிறது.

அடுக்கு4 | 4 மார்ச், காலை 8.02

சரி. கிரவுண்ட் பின்னுக்கு இடமும் வலமும் ஸ்போக் இருக்கும், பேடே பாலமாகிவிடும். முதல் பின்னின் வெளி விளிம்பிலிருந்து 20-ஆவது பேடின் விளிம்புவரை 1.35 + 47.41 = 48.8. ஏறக்குறைய 49 மி.மீ.

இந்த 2 மி.மீ. திருத்தத்தில் வேறொரு உபயோகம் இருக்கிறது. பின் வரிசையை மாற்றும் உரிமை உங்களிடம் இருந்தால் கிரவுண்டை ஓரத்திலிருந்து 10-ஆவது இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கிளியரன்ஸைத் தொடாமலே ஒரு 49 உடைந்து 23-உம் 26-உமாக ஆகிவிடும். மூன்று இடத்தில் கிரவுண்ட் கொடுத்தால் இன்னும் நல்லது. கேபிளுக்கும் நல்லது.

ஈயப்புகை | 4 மார்ச், இரவு 9.40

0.2 போட்டு ‘பி’ அழுத்தினேன். பாதிதான் சரியாச்சு. 6-7, 7-8, 8-9 மூணு இடைவெளியும் இன்னும் வெறுமையா இருக்கு. மத்ததுல எல்லாம் பாயுது. 7, 8 ரெண்டும் 12 வோல்ட்.

அடுக்கு4 | 4 மார்ச், இரவு 9.58

12 வோல்ட்டுக்குத் தனி நெட்கிளாஸ் (நெட்களுக்கான விதித் தொகுப்பு) வைத்திருக்கிறீர்களா? அதன் கிளியரன்ஸ் எவ்வளவு?

ஈயப்புகை | 4 மார்ச், இரவு 10.03

ஆமா. 0.4.

அடுக்கு4 | 4 மார்ச், இரவு 10.25

அதுதான். ஜோனும் நெட்கிளாஸும் வேறு வேறு எண் சொன்னால் பெரிய எண் ஜெயிக்கும். 7-க்கும் 8-க்கும் நடுவே 0.84 − 0.8 = 0.04. அது புரிகிறது. 6-7 இடைவெளியைப் பாருங்கள்: 0.84 − 0.2 − 0.4 = 0.24. குறைந்தபட்ச அகலம் 0.25. வெறும் 0.01 மி.மீ. பற்றாமல் வாசலிலேயே நிற்கிறது!

போரை ஒரு பேனா நிரப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முனை தடிமன்தான் குறைந்தபட்ச அகலம். அந்த முனை நுழையாத சந்தில் மை போகாது. மென்பொருள் பிழையும் சொல்லாது, ஏனென்றால் அதன் கணக்கில் இது பிழை இல்லை.

இரண்டு வழி. அகலத்தை 0.2 ஆக்கினால் 6-7-உம் 8-9-உம் திறக்கும், 7-8 திறக்காது. நெட்கிளாஸை 0.2 ஆக்கினால் மூன்றும் திறக்கும். 12 வோல்ட்டுக்கு 0.2 தாராளம். கரன்ட் அதிகம் என்பதற்காக 0.4 வைத்தீர்கள் என்றால் அது ட்ரேஸ் அகலத்தில் வர வேண்டிய எண், கிளியரன்ஸில் இல்லை.

எந்த விதி ஜெயித்தது என்று சந்தேகம் வந்தால் ஜோனையும் பேடையும் சேர்த்துத் தேர்ந்து, இன்ஸ்பெக்ட் மெனுவில் கிளியரன்ஸ் ரெசல்யூஷன் பாருங்கள். வரி வரியாகக் காட்டும்.

ஈயப்புகை | 4 மார்ச், இரவு 10.41

ட்ரேஸ் அகலத்தைத்தான் அங்க போட்டிருக்கணும். பேரு ‘பவர்’னு வெச்சதும் எல்லா எண்ணையும் ஏத்திட்டேன். நெட்கிளாஸை 0.2 ஆக்கினேன், மூணும் திறந்துடுச்சு.

ரிப்அப் | 5 மார்ச், காலை 6.50

இப்போது தெர்மல் ரிலீஃபுக்கு வருவோம். அதே ஹெடர், அந்த கிரவுண்ட் பின். 12 வோல்ட் அந்த வழியாகத் திரும்புகிறது என்றால் ஸ்போக்கை எடுத்துவிட்டு முழுசாகப் பிடிக்க வேண்டும் என்பார்கள் பலர். கணக்குப் போட்டால் அவ்வளவு பயம் தேவையில்லை. 35 மைக்ரான் செம்பு ஒரு சதுரத்துக்கு 0.5 மில்லிஓம். ஸ்போக் 0.5 அகலம், 0.5 நீளம், ஆக ஒரு சதுரம். நான்கு ஸ்போக் இணையாக 0.125 மில்லிஓம். 10 ஆம்பியர் போனாலும் 1.25 மில்லிவோல்ட், 12.5 மில்லிவாட். அதற்கு மேல் அந்தச் சின்னப் பட்டையின் இரு முனையும் பெரிய செம்பில் உட்கார்ந்திருக்கிறது, சூடு நிற்காது.

ஈயப்புகை | 5 மார்ச், இரவு 9.15

நாலு ஸ்போக் எங்க இருக்கு? கிரவுண்டை 10-க்கு மாத்தினேன். இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு, ரெண்டுதான் வருது. பக்கத்துப் பின் இருக்கற திசையில இல்ல.

ரிப்அப் | 5 மார்ச், இரவு 9.47

நல்ல கண். என் 12.5-ஐ 25 என்று திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு லேயரிலும் போர் இருப்பதால் அங்கே மீண்டும் பாதியாகும், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஒரு லேயரில் ஏதாவது ட்ரேஸ் குறுக்கே வந்துவிடும்.

காரணம் மறுபடி அதே 0.84. பேடைச் சுற்றி தெர்மல் இடைவெளி 0.5. பக்கத்துப் பின்னுக்கு விலக 0.2. மிச்சம் 0.14. அங்கே செம்பே நிற்காது, ஸ்போக் எதில் போய் ஊன்றும்? தெர்மல் இடைவெளியை 0.25 ஆக்குங்கள்: 0.84 − 0.25 − 0.2 = 0.39. பட்டை வந்துவிடும், நான்கு ஸ்போக்கும் வரும். அப்படியே ஸ்போக்கை 0.5-லிருந்து 0.35-ஆகக் குறையுங்கள், இல்லாவிட்டால் சால்டர் முனை வைத்ததும் சூடு எல்லாம் போருக்குள் ஓடிவிடும்.

போர்டு அமைப்பில் குறைந்தபட்ச ஸ்போக் எண்ணிக்கை என்று ஒன்று உண்டு, டிஃபால்ட் 2. 3 என்று வைத்து ஒருமுறை டிஆர்சி ஓட்டுங்கள். எந்தெந்தப் பின் பட்டினி என்று பட்டியல் வரும். பார்த்துவிட்டுத் திரும்ப 2 ஆக்கிவிடலாம், ஏனென்றால் மூலையில் இருக்கும் பேடுகள் எல்லாம் நியாயமாகவே இரண்டோடு நிற்கும்.

அடுக்கு4 | 5 மார்ச், இரவு 10.30

எங்கே முழுப் பிடிப்பு, எங்கே ஸ்போக் என்பதை ஜோன் முழுக்க ஒரே முடிவாக எடுக்க வேண்டாம். பேட் பண்புகளில் தனித்தனியாகச் சொல்லலாம்.

க்யூஎஃப்என் சிப்பின் அடிவயிற்று பேட், ரெகுலேட்டரின் பெரிய டேப், மாஸ்ஃபெட் ட்ரெயின்: முழுப் பிடிப்பு. அவற்றின் வேலையே சூட்டைக் கொட்டுவது. கையால் சால்டர் செய்யும் துளை பேடுகள்: ஸ்போக். 0402, 0603 அளவுக் குட்டி கெப்பாசிட்டர்கள்: ஸ்போக், முக்கியமாக ஒரு பேட் போரிலும் மறுபேட் 0.2 ட்ரேஸிலும் இருந்தால். ஓவனில் ட்ரேஸ் பக்கத்து ஈயம் முதலில் உருகி இழுக்கும், போர் பக்கம் இன்னும் உறைந்தே இருக்கும், பாகம் கல்லறைக் கல் மாதிரி எழுந்து நின்றுவிடும்.

“துளை பேடுக்கு மட்டும் ரிலீஃப்” என்ற தேர்வு கவர்ச்சியாக இருக்கும். அதில் சின்ன கெப்பாசிட்டர்கள் எல்லாம் முழுப் பிடிப்பாகிவிடும், கவனம்.

வயாவுக்கு (லேயர்களை இணைக்கும் செம்புத் துளை) இந்தக் கவலை இல்லை. கீகேட் வயாவை வழக்கமாக முழுசாகத்தான் பிடிக்கும்.

ஈயப்புகை | 6 மார்ச், இரவு 8.20

அடுத்தது. கீழ் லேயர் கிரவுண்டுக்கு நடுவுல 3.3 வோல்ட்டுக்கு ஒரு ஜோன் வரைஞ்சேன். நிரப்பினா கிரவுண்டே அதையும் மூடிடுது. முன்னுரிமை எண் ரெண்டுக்கும் 0. ஈகிள் மென்பொருள்ல ரேங்க் 1 கொடுத்தா முதல்ல வரும்னு பழக்கம். அதனால கிரவுண்டை 1 ஆக்கி 3.3-ஐ 0-லயே விடலாமா, இல்ல மாத்தியா?

ரிப்அப் | 6 மார்ச், இரவு 8.44

மாற்றி. ஈகிளில் சிறிய எண் பெரியவர், கீகேட்டில் பெரிய எண் பெரியவர். 3.3-க்கு 1, கிரவுண்டுக்கு 0. அதற்குள் இன்னொரு குட்டி ஜோன் வந்தால் அதற்கு 2. ஆல்டியம் மென்பொருளில் ஊற்றும் வரிசைதான் கணக்கு. மேலே இருப்பது முதலில். மூன்று வீட்டிலும் வேறு வேறு சீனியாரிட்டி.

ஈகிள் பழக்கம் என்பதால் இன்னொன்று. அங்கே கோப்பைத் திறந்ததும் வெறும் புள்ளிக்கோடு தெரியும், ராட்ஸ்நெஸ்ட் கட்டளை கொடுத்தால்தான் நிரம்பும். நிரம்பாததைப் பார்த்தாலே கை தானாக ராட்ஸ்நெஸ்டுக்குப் போகும். கீகேட் பழைய நிரப்பலை அப்படியே சேமித்துக் காட்டும். ட்ரேஸை நகர்த்தியபின் ‘பி’ அழுத்தவில்லையென்றால் நகர்ந்த ட்ரேஸ் பழைய செம்பின் மேலேயே கிடக்கும். டிஆர்சி பெட்டியில் “முதலில் ஜோன்களை நிரப்பு” என்ற கட்டத்தை டிக் செய்தே வையுங்கள். கெர்பர் (போர்டு தயாரிக்க அனுப்பும் கோப்பு) எடுக்கும் பெட்டியிலும் இதே மாதிரி ஒன்று உண்டு.

அடுக்கு4 | 6 மார்ச், இரவு 9.35

ஒரு நிமிடம். அந்த 3.3 ஜோன் எதற்கு? இத்தனை பாடுபட்டு ஹெடருக்குக் கீழே 0.44 திறந்தோம். இப்போது பக்கத்திலேயே ஒரு குளம் வெட்டினால் எஸ்பிஐ அதன் கரையைக் கடக்கும், கிரவுண்ட் மறுபடி சுற்றும். எத்தனை மில்லிஆம்பியர்?

ஈயப்புகை | 6 மார்ச், இரவு 9.41

200.

அடுக்கு4 | 6 மார்ச், இரவு 9.52

0.5 மி.மீ. ட்ரேஸ் போதும். 50 மி.மீ. நீளத்துக்கு 100 சதுரம், 50 மில்லிஓம், 10 மில்லிவோல்ட் இறக்கம். ஒவ்வொரு ஐசி-க்கும் பக்கத்தில் 100 நானோஃபாரட். ஜோனை அழித்துவிடுங்கள். மேல் லேயரிலேயே ஓட்ட முடிந்தால் கீழ் லேயர் முழுக்க கிரவுண்டாக மிஞ்சும். இரண்டு லேயர் போர்டில் அதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

ஈயப்புகை | 7 மார்ச், காலை 7.05

அழிச்சாச்சு. மேல் லேயர்ல நிறைய செம்புத் துண்டு வால் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. “தீவை எப்பவும் நீக்கு” இருந்தும் போகல.

ரிப்அப் | 7 மார்ச், காலை 7.30

அது தீவு இல்லை, தீபகற்பம். ஒரு முனை கரையில் இருக்கிறது, அதனால் நீக்காது. ஆன்டெனா மாதிரி நீண்டு நிற்கும் வால்தான் தொல்லை. வால் நுனியில் ஒரு கிரவுண்ட் வயா போட்டுக் கீழ் லேயரோடு தைத்துவிடுங்கள். இடம் இல்லையென்றால் அந்த இடத்தில் ரூல் ஏரியா வரைந்து போரைத் தடுங்கள். இரண்டில் ஒன்று.

தையல் வயா இடைவெளிக்குக் கணக்கு: போர்டுக்குள் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு. போர்டுப் பொருளான எஃப்ஆர்4-க்கு மின்கடவா மாறிலி 4.3 எடுத்தால் அலை 2.07 மடங்கு சுருங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 60 மி.மீ., ஆக 3 மி.மீ.க்கு ஒரு வயா. உங்கள் 350 மெகாஹெர்ட்ஸ் விளிம்புக்கு 20 மி.மீ. வந்தாலே போதும். 10-க்கு ஒன்று வையுங்கள். சல்லடை ஆக்க வேண்டாம்.

அடுக்கு4 | 7 மார்ச், காலை 8.15

கிரவுண்ட் வயா சல்லடை ஆனாலும் போரை வெட்டாது. வெட்டுவது சிக்னல் வயா. 0.6 வயா, 0.2 கிளியரன்ஸ், ஆக 1.0 மி.மீ. ஓட்டை. ஐந்து எஸ்பிஐ வயாவை 1.0 பிட்சில் அணிவகுத்து நிறுத்தினால் ஐந்து ஓட்டையும் தொட்டுக்கொள்ளும், 5 மி.மீ. வெட்டு. ஹெடர் கதை சின்ன உருவில். 1.25-க்குக் குறையாமல் விடுங்கள், அல்லது ஒன்றை முன்னே ஒன்றைப் பின்னே தள்ளி வையுங்கள்.

ஈயப்புகை | 8 மார்ச், மாலை 6.10

இதே போர்டை வீட்ல டோனர் முறையில (லேசர் அச்சை செம்புல ஒட்டி) அரிச்சா 0.2 கிளியரன்ஸ் வராதே. 0.4 வேணும். அப்போ 0.84 − 0.8 = 0.04. திரும்ப மூடிக்குமே?

ரிப்அப் | 8 மார்ச், மாலை 6.48

மூடும். பேடை நீள்வட்டமாக்குங்கள்: வரிசை திசையில் 1.4, குறுக்கே 2.2. 2.54 − 1.4 − 0.8 = 0.34, செம்பு போகும். விலை என்னவென்றால் 1.0 துளைக்கு வரிசை திசையில் 0.2 செம்பு வளையம்தான் மிஞ்சும். டிரில் கொஞ்சம் நழுவினால் போச்சு.

வளையத்தைக் காப்பாற்ற 0.9 துளை போட நினைக்காதீர்கள். ஹெடர் பின் 0.64 சதுரம், மூலைவிட்டம் 0.905.

அடுக்கு4 | 8 மார்ச், இரவு 9.20

மறந்துபோன ஒன்று. எம்3 திருகு ஓட்டைகள். துளை 3.2, ஆனால் வாஷர் 7 மி.மீ. போர் துளை ஓரம்வரை வந்தால் திருகு இறுக்கும்போது சால்டர் மாஸ்க் சுரண்டி, கிரவுண்ட் பெட்டியோடு ஒட்டிவிடும். வேண்டும் என்றே செய்தால் சரி. வேண்டாம் என்றால் 7.5 விட்டத்துக்கு ரூல் ஏரியா, இரண்டு லேயரிலும். போர்டு விளிம்பிலிருந்தும் 0.5 உள்ளே நிற்கட்டும்.

வைஃபை மாட்யூல் ஏதாவது பின்னால் சேர்த்தால் ஆன்டெனா பகுதிக்கும் இதே ரூல் ஏரியா. எல்லா லேயரிலும்.

ஈயப்புகை | 9 மார்ச், இரவு 10.50

கடைசி நிலவரம்: கிளியரன்ஸ் 0.2, அகலம் 0.25, தெர்மல் 0.25, ஸ்போக் 0.35. கிரவுண்ட் பின் 1, 10, 20. கெர்பரைத் தனியா வியூவர்ல திறந்து கீழ் லேயரை மட்டும் வெச்சு ஒவ்வொரு எஸ்பிஐ கோட்டுக்கும் கீழ விரல் வெச்சுப் பார்த்தேன், அஞ்சுக்கும் செம்பு தொடர்ச்சியா இருக்கு. டிஆர்சி இப்பவும் பூஜ்யம்தான் சொல்லுது. அன்னைக்கும் அதேதான் சொல்லிச்சு.

ரிப்அப் | 9 மார்ச், இரவு 11.02

12-ஆவது பின்னுக்குக் கீழ் லேயரில் குறுக்கே ஒரு ரீசெட் ட்ரேஸ் போகவில்லையே?

ஈயப்புகை | 9 மார்ச், இரவு 11.09

…போகுது. எஸ்பிஐக்கு அடுத்த சந்து. மேலே மாத்திட்டு ‘பி’ அழுத்துறேன்.